நடுப் பெடல்

பந்தயம் பாதி தாண்டியபோது அஸேலியோ மொந்தோர்சி அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டியை வரைந்த இன்ஜினியர் பந்தய நாளில் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தாலியின் மோன்சா பந்தய மைதானத்தில், வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுப் பழுது பார்க்கிற பிட் வரிசையில், யாரும் உட்காருவதில்லை. ஐம்பத்திரண்டு வயது, மூன்று வருடமாக ஒழுங்கான தூக்கம் கிடையாது, போதாததற்கு நேற்று மாலையிலிருந்து ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் என்ன குடி முழுகிவிடும்?

முதலாளி வாந்தெல்லி மட்டும் திரும்பிப் பார்த்தார். மொதெனாவில் அவருக்குத் தொத்திறைச்சி ஆலை. கிறிஸ்துமஸுக்கு ஊரில் பாதி வீட்டு அடுப்பில் வேகிற பன்றிக்கால் அவருடையதுதான். அந்த வருமானம்தான் பந்தய வண்டியாக உருமாறி ஊர் ஊராகப் போய்ப் புகைந்தது. “இன்ஜினியரே, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையிலிருந்த கடிகாரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவர் குரலில் அன்று கோபம் இல்லை. ஏனென்றால் வாந்தெல்லியின் சிவப்பு வண்டிகள் இரண்டும் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் கிளைவ் ஹார்ட்னல் என்ற ஆங்கிலேயன், இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவன். அவன் வாலைப் பிடித்துக்கொண்டு கொர்ராதோ பஸ்ஸோலி. கொர்ராதோ அணியின் முதல் ஓட்டுநர். அஸேலியோவின் தங்கை யோலேயின் கணவர். ஒரே ஒரு பந்தயம் ஜெயித்துவிட்டு வண்டியை விட்டு இறங்கிவிடுகிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அந்த ஒன்று வராமலேயே நாற்பத்துநாலு வயதாகிவிட்டது.

வண்டிக்குக் காகிதத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர் இருந்தது. பட்டறையில் அதற்குப் பெயர் மாமியார். எவ்வளவு செய்தாலும் திருப்தி வராது, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கும், அதற்காக வீட்டை விட்டுத் துரத்தவும் முடியாது. பெயர் வைத்தவர் தலைமை மெக்கானிக் எர்மெஸ். அவர் சொந்த மாமியாரோடு ஒரே சமையலறையில் காலம் தள்ளுகிறவர், அனுபவம் பேசியது.

முதல் வருடம் அஸேலியோ மெல்லிய குழாய்களைப் பற்றவைத்து அதற்கு எலும்புக்கூடு கட்டினார். எடை குறைந்தது, கூடவே முதுகெலும்பும் போயிற்று. வளைவில் முன்பாதி ஒரு பக்கம் பார்க்க, பின்பாதி வேறு பக்கம் பார்த்தது. இதை ஓட்ட முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் வேண்டும் என்று கொர்ராதோ எல்லோர் எதிரிலும் சொன்னார். இரண்டாம் வருடம் குறுக்குக் குழாய்கள் போட்டு முறுக்கை அடக்கி, கியர் பெட்டியைப் பின் அச்சோடு சேர்த்து, பெட்ரோலை இரண்டு விலாவிலும் தாழ்வாக வைத்தார். வண்டி நேராகப் போனது, எஞ்சின் கூட வர மறுத்தது. நீண்ட வளைவுகளில் எண்ணெய் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ள, பம்ப் காற்றைக் குடித்தது, பேரிங்குகள் உருகின. வாந்தெல்லி இப்போது நடுரோட்டிலேயே தொத்திறைச்சி வறுத்துத் தருகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். முதலாளி அந்தத் தாளை வெட்டி அஸேலியோவின் வரைபலகையில் ஆணியடித்து வைத்தார். மூன்றாம் வருடம் அவர் எண்ணெய்த் தொட்டியை வால் பக்கம் கொண்டுபோய், உறிஞ்ச இன்னொரு பம்ப் வைத்தார். மாமியார் ஒருவழியாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் மூன்று வருடம் காத்திருந்தார். இன்று பார்க்கும்போது சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அலுப்புதான் இருந்தது. அலுப்புக்கு அடியில் பயம்.

பயத்துக்குக் காரணம் பெடல்கள். தெருவில் ஓடுகிற எந்த வண்டியிலும் பிரேக் நடுவில் இருக்கும், ஆக்ஸிலேட்டர் வலது ஓரத்தில் இருக்கும். வாந்தெல்லி பட்டறையில் நேர்மாறு: ஆக்ஸிலேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். உலகப் போருக்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்துப் பந்தய வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். அஸேலியோ கொர்ராதோவுக்கு வரைந்த முதல் வண்டியிலும் அப்படித்தான் வைத்தார். கால் அகட்டி உட்கார்கிற ஓட்டுநருக்கு அது வசதி. இரண்டு வண்டியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. அதற்கும் காரணம் உண்டு. முதல் ஓட்டுநரின் வண்டி பாதியில் படுத்துவிட்டால், இரண்டாம் ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டு இறக்கிவிட்டு, அவன் வண்டியில் மூத்தவர் ஏறிப் போவார். பந்தய விதி அதை அனுமதித்தது. பெரியவர் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிற மாதிரி, இளையவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துகொள்வான்.

ஹார்ட்னலின் காலுக்கு இந்த ஏற்பாடு ஏறவே இல்லை. கோடையில் ஒரு பந்தயத்தில் பிரேக் என்று நினைத்து நடுப் பெடலை மிதித்து, வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தான். கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. முதலாளி, ஒன்று அவன் நம்ம பெடலைக் கற்றுக்கொள்ளட்டும், இல்லை அவன் ஊர் மழையில் நனையப் போகட்டும் என்று முடித்துவிட்டார். நேற்றுச் சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்திலும் அதே தப்பு, நல்ல வேளை, அகலமான இடத்தில். ஓட்டம் முடிந்ததும் ஹார்ட்னல் அஸேலியோவைத் தேடி வந்தான். தனக்குத் தெரிந்த நாலு இத்தாலிய வார்த்தையில் கெஞ்சினான். பேசும்போதே அவன் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. அதைப் பார்த்துவிட்டு அஸேலியோவால் சும்மா இருக்க முடியவில்லை. எர்மெஸை அழைத்து, அந்த ஒரு வண்டியில் மட்டும் பெடல்களை இடம் மாற்றச் சொன்னார். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது. எர்மெஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, போதாதென்று கெட்டது அண்டாமலிருக்க இரும்பையும் தொட்டுக்கொண்டார்.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் மாற்ற விடமாட்டார், மாற்றியது தெரிந்தால் வேலையில் வைத்திருக்கவும் மாட்டார். கொர்ராதோவிடமும் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். காலையில் கொர்ராதோ உற்சாகமாக இருந்தார், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒருத்தனைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இன்னொருத்தனை மறந்துபோனதை, கொடி இறங்கிப் பந்தயம் தொடங்கிய பிறகுதான் அவர் முழுசாக உணர்ந்தார். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொர்ராதோவின் எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கொர்ராதோவின் வண்டி நின்றுவிடாமல் ஓடினால் போதும், யாரும் யாருடைய வண்டியிலும் ஏறவேண்டியதில்லை. மாமியாரே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

மாமியார் கேட்கவில்லை. கொர்ராதோவின் வண்டி நீலப் புகையை இழுத்துக்கொண்டு பிட்டுக்குள் வந்து நின்றது. எர்மெஸ் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். பிஸ்டன் போய்விட்டது.

கொர்ராதோ இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் அப்பியிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். அதற்குள் முதலாளி பலகையை எடுத்து ஹார்ட்னலின் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ளே வா என்று எழுதச் சொல்லிவிட்டார். ஆங்கிலேயன் மற்றவர்களைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தான். எப்படியும் பெட்ரோல் போட வரவேண்டும். ஆள் மாறினாலும் முதலிடம் போகாது. மோன்சாவில் இத்தாலிய வண்டியில் இத்தாலியன் ஜெயிக்க வேண்டும். வாந்தெல்லி இத்தனை வருடம் பன்றி அறுத்தது அதற்காகத்தான்.

ஹார்ட்னல் கண்முன்னே கடந்து போனான், பலகையைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அடுத்த சுற்றில் உள்ளே வந்துவிடுவான். அஸேலியோவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுந்து போய் மைத்துனரின் முழங்கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்தார்.

“மாப்ளே, அந்த வண்டியில பெடல் மாத்தியிருக்கு. பிரேக் நடுவுல, ஆக்ஸிலேட்டர் வலது பக்கம்.”

கொர்ராதோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் பாட்டிலை இறக்கினார். “யார் மாத்துனது?”

“நான்தான். அவன் செத்துருவான்னு பயமாயிருந்துச்சு.”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

திட்டுவார் என்று அஸேலியோ எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. கொர்ராதோ திட்டவில்லை. “சரி விடு. யோலேயை உட்கார வச்சு ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறேனே, அந்த வண்டியிலயும் அப்படித்தான பெடல்? ஓட்டிக்கிறேன்,” என்று ஹெல்மெட்டின் வாரை இறுக்கினார்.

அந்த ஏரி வண்டி அறுபதில் போகும். இது இருநூற்று ஐம்பதில் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அஸேலியோ முதலாளியை நோக்கி நடந்தார். சொல்லிவிட வேண்டும், வேலை போனால் போகட்டும் என்றுதான் நடந்தார். நடந்து அவர் பக்கத்தில் போய் நின்று, வாயையும் திறந்தார். மூன்று வருட உழைப்பு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டார். அதற்குள் ஹார்ட்னலின் வண்டி உள்ளே திரும்பிவிட்டது.

ஆங்கிலேயன் இறங்கினான். கொர்ராதோவைப் பார்த்ததும்தான் அவனுக்கு விஷயம் உறைத்தது. குறுக்கே நின்றுகொண்டு தன் காலைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். எந்த மொழியில் சொன்னானோ, பெட்ரோல் ஊற்றுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கொர்ராதோ அவன் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் பார்வையாளர் மேடையிலிருந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

எஞ்சின் பிடித்தது. புறப்படு என்று முதலாளி முதுகில் தட்டினார். கொர்ராதோ புறப்படவில்லை.

அஸேலியோ மட்டும்தான் அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொர்ராதோ கண்ணை மூடிக்கொண்டார். நேர் ரோடு முடிந்து வளைவு வருகிற மாதிரி உடம்பை இறுக்கிக்கொண்டு, பழகிய இடத்தில் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் அலறியது. கண்ணைத் திறந்து, காலை எடுத்து, திரும்பக் கண்ணை மூடி மிதித்தார். மறுபடி அலறியது. கூட்டம் அதை வீரம் என்று நினைத்துக் கைதட்டியது. முதலாளி கெட்ட வார்த்தையில் கத்தினார். இரண்டாவது இடத்தில் இருந்த வெள்ளி நிற வண்டி பிட்டைத் தாண்டி விர்ரென்று போயிற்று.

கொர்ராதோ ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்து இறங்கினார். ஹார்ட்னலின் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்து, நீ போ என்று காட்டினார். அவன் தாவி ஏறிப் போய்விட்டான். அப்போது மேடையில் ஒருத்தன் கேலியாக விசிலடித்தான். அப்புறம் நூறு பேர். அப்புறம் மேடை முழுக்க.

ஹார்ட்னல் பேய் பிடித்தவன் மாதிரி ஓட்டினான். முடிவுக் கோட்டில் வெள்ளி வண்டிக்கு இரண்டு வண்டி நீளம் பின்னால் இருந்தான். கொர்ராதோ பிட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பாதி மிச்சமாகியிருந்தாலும் மாமியார் ஜெயித்திருப்பாள். இரண்டாம் இடம் என்பது வாந்தெல்லி அணிக்கு இதுவரை கிடைக்காத பெருமை. முதலாளி அந்தப் பெருமையைக் காலால் உதைத்தார். எண்ணெய் டப்பா ஒன்று உருண்டு போனது.

பத்திரிகைக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது, சரியாகத் தெரியவில்லை என்றார் கொர்ராதோ. கண்ணு நல்லாத்தானே இருக்கு என்று ஒருத்தன் சிரித்தான். வயசாயிருச்சு பெரியவரே என்றான் இன்னொருத்தன். முதலாளி எல்லோர் எதிரிலும் கேட்டார்: “பயந்துட்டியா கொர்ராதோ? சும்மா சொல்லு. பயந்துட்டியா?”

அஸேலியோ முன்னால் வந்தார். “முதலாளி, அது வந்து…” என்று ஆரம்பித்தார். கொர்ராதோ நகர்ந்து நிற்கிறவர் போல நகர்ந்து, தன் வலது காலை அவர் காலின் மேல் வைத்து அழுத்தினார். வண்டி மாறிய பிறகு அந்தக் கால் சரியான இடத்தில் மிதித்தது அந்த ஒரு முறைதான்.

“ஆமா முதலாளி,” என்றார் கொர்ராதோ. “பயந்துட்டேன்.”

ஊருக்குக் கொர்ராதோவின் ஃபியட்டில் கிளம்பினார்கள். கொர்ராதோ பந்தயச் சட்டையோடும் பந்தயக் காலணியோடும் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியில் பியாசென்சா ஊரும் தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் சோளத்தட்டை வெட்டிய வயல்கள், மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அஸேலியோ சொல்வதற்கு வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். கடைசியில் வந்தது, நாளைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்பது மட்டும்தான்.

“சொல்லாத,” என்றார் கொர்ராதோ. “சொன்னா உன்னை அனுப்பிடுவான். மாமியாரை வேற எவன் மேய்ப்பான்? அந்த இங்கிலீஷ்காரனுக்கும் பழைய பெடலை மாட்டிடுவான். அவன் அடுத்த மாசம் செத்துப்போவான்.”

“உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதுவாங்களே மாப்ளே.”

“எழுதட்டும். பொய்யா எழுதுறாங்க? கண்ணை மூடி ரெண்டு தடவை மிதிச்சேன், ரெண்டு தடவையும் கால் தப்பாப் போச்சு. பயம்னா அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்ல.” சிறிது தூரம் போன பிறகு சொன்னார்: “வீட்டு வண்டியில ஏறுனா அது வீட்டுக் கால் மச்சான். அந்த வண்டியில ஏறுனா வேற கால். அந்தக் காலுக்கு நடுப் பெடல்னா ஆக்ஸிலேட்டர், அதைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீ வச்சுக் குடுத்ததுதான அது.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அஸேலியோவை அதிகம் உறுத்தியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்மா போனது, ரெஜ்ஜோ போனது. பக்கத்தில் கொர்ராதோ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அவர் இன்னும் மோன்சாவின் நேர் ரோட்டில்தான் இருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவாகத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார் போலும்.

ருபியேராவுக்குப் பக்கத்தில் வீட்டுக்குத் திரும்புகிற கிளை ரோட்டில் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. கொர்ராதோ பார்த்துவிட்டார். சாதாரணமாக, அவசரமில்லாமல், பிரேக்கை மிதித்தார். ஃபியட் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அஸேலியோ இரண்டு கையையும் எதிரே ஊன்றினார். கொர்ராதோ கைப்பிரேக்கைப் பிடுங்கி இழுக்க, வண்டி ஒருக்களித்து வழுக்கி, கேட் கம்பத்தை மூக்கால் இடித்து நின்றது. ரயில் தடதடவென்று எதிரே போயிற்று. வெளிச்சமான ஜன்னல்களில் ஆட்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

கேட்காரர் கூண்டிலிருந்து வந்து திட்டினார். முகத்தைப் பார்த்ததும், “பஸ்ஸோலியா?” என்று நிறுத்திக்கொண்டார். வானொலியில் கேட்டிருப்பார். வளைந்த கம்பத்தைக் கையால் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கேட்டை உயர்த்தினார்.

கொர்ராதோ தன் வலது காலைக் குனிந்து பார்த்தார், யாரோ அன்னியருடைய காலைப் பார்ப்பது போல. “இப்ப வீட்டுக் காலும் போச்சு,” என்றார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அஸேலியோ பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார்.

“நீ ஓட்டு மச்சான்.”

ஊருக்கே வண்டி வரைந்து கொடுக்கிற அஸேலியோ ரொம்ப சுமாராகத்தான் ஓட்டுவார். தண்டவாளத்தின் மேலேயே ஒரு தடவை எஞ்சினை அணைய விட்டார். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கொர்ராதோ சிரிக்கவில்லை, திருத்தவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்ச தூரம் முழுக்க அஸேலியோ ஒவ்வொரு முறை பிரேக்கைத் தொடும்போதும், இதுதானா, இதுதானா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே தொட்டார். அவருக்கு அழுகை வந்தது. ரோடு தெரியவேண்டும் என்பதற்காக அடக்கிக்கொண்டார்.

சத்தம் கேட்டு யோலே கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். வானொலி சொன்னதையெல்லாம் அவளும் கேட்டிருந்தாள், விசிலைக்கூடக் கேட்டிருந்தாள். புருஷனைக் கேட்க ஆயிரம் கேள்வி வைத்திருந்திருப்பாள். விளக்கு வெளிச்சத்தில் வண்டி நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அண்ணன், பக்கத்து இருக்கையில் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து கொர்ராதோ இன்னொருவர் ஓட்ட உட்கார்ந்து வந்து அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தபோதுகூட அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அவள் வண்டியின் நெளிந்த மூக்கைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கடைசியில் இறங்குவதற்குக் கதவின் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

“கையக் கழுவிட்டு வாங்க,” என்றாள். “அண்ணா, நீயும்தான். சூப் கொதிச்சுக்கிட்டு இருக்கு.”